போன ராக்கெட் திரும்பி வந்தால்...

நாக்பூரிலிருந்து சென்னைக்கு ஓர் எக்ஸ்பிரஸ் ரயில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி சென்ட்ரலில் நின்று, பயணிகள் எல்லோரும் பெட்டி படுக்கைகளுடன் இறங்கியதும், எஞ்சினையும் இருபத்துச் சொச்சம் பெட்டிகளையும் ராயபுரம் பக்கம் கொண்டுபோய் வங்கக் கடலில் தள்ளிவிடுகிறார்கள். மறுநாள் நாக்பூர் திரும்புகிறவர்களுக்குப் புத்தம் புதிய எஞ்சின், புத்தம் புதிய பெட்டிகள். டிக்கெட் என்ன விலை விற்கும்? நம்மில் எத்தனை பேர் கோடை விடுமுறைக்கு ஊர்ப்பக்கம் போயிருப்போம்?

சிரிப்பு வரலாம். ஆனால் 1957-ல் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை அனுப்பியதிலிருந்து ஏறக்குறைய அறுபது வருட காலம், ஒரே ஒரு பெரிய விதிவிலக்கைத் தவிர, ராக்கெட் தொழில் இப்படித்தான் நடந்துவந்தது. ராக்கெட் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரண்டு மூன்று வண்டிகள். அடியில் இருக்கும் முதல் அடுக்குதான் பெரியது. எஞ்சின்களில் பெரும்பாலானவை அதில்தான் இருக்கும். அது இரண்டு மூன்று நிமிஷம் எரிந்து, மேலே உள்ளதை உயரத்துக்குத் தள்ளிவிட்டு, கடலில் விழுந்து நொறுங்கும். ராக்கெட் விலையில் பாதிக்கு மேல் அதோடு போயிற்று. எரிபொருள் செலவோ மொத்தத்தில் ஒரு சிறு பங்குதான். நம் பாஷையில் சொன்னால், டீசல் மலிவு. எஞ்சினைத் தூக்கிப் போடுவதுதான் செலவு.

நான் ராக்கெட் விஞ்ஞானி அல்ல. மெக்கானிகல் டிப்ளமா முடித்துவிட்டு ரயில்வேயில் சேர்ந்து, கேரேஜ் அண்ட் வேகன் பிரிவில் பிட் லைனிலும் சிக் லைனிலும் காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவன். எங்கள் வேலையை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: போன வண்டி திரும்பி வந்ததும் அடியில் நுழைந்து பார்ப்பது. ராக்கெட்டும் திரும்பி வரத் தொடங்கிவிட்டதால், அந்தத் துறையைப் பற்றி நாலு வார்த்தை பேச எனக்கும் கொஞ்சம் உரிமை கிடைத்திருப்பதாக நினைக்கிறேன்.

முதலில் திரும்பி வந்தது ஷட்டில்

மேலே சொன்ன விதிவிலக்கு அமெரிக்காவின் ஸ்பேஸ் ஷட்டில். 1981 ஏப்ரல் 12-ம் தேதி கொலம்பியா முதல் தடவை பறந்தது. ராக்கெட் போல் எழும்பி, விமானம் போல் ஓடுபாதையில் வந்து இறங்கியது. பக்கத்தில் கட்டியிருந்த இரண்டு பூஸ்டர்களும் பாரசூட்டில் கடலில் இறங்க, கப்பல்கள் அவற்றை இழுத்து வந்தன. பெரிய எரிபொருள் தொட்டி ஒன்றுதான் ஒவ்வொரு தடவையும் வீணாகும்.

நம் வீட்டுக்கும் இந்த ஷட்டில் ஒரு காரியம் செய்திருக்கிறது. 1983 ஆகஸ்டில் நமது இன்சாட்-1பி செயற்கைக்கோளைச் சுமந்து போய் விண்ணில் விட்டது சேலஞ்சர் என்ற ஷட்டில்தான். எண்பதுகளில் ஊருக்கு ஊர் டெலிவிஷன் கோபுரங்கள் எழுந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரு வெறிச்சோடிப் போனதற்கு அந்த இன்சாட் ஒரு முக்கிய காரணம்.

ஷட்டிலை இரண்டு வாரத்தில் மறுபடி அனுப்பிவிடலாம் என்று திட்டமிட்டார்கள். வருஷத்துக்குப் பல பத்துப் பயணங்கள் என்று கணக்குப் போட்டார்கள். நடந்தது வேறு. ஒரே ஷட்டிலின் இரண்டு ஏவுதல்களுக்கு இடையே மிகக் குறைந்த இடைவெளி 54 நாட்கள். 1985-ல் அட்லாண்டிஸ் செய்தது. அதிகபட்சமாக ஒரு வருஷத்தில் பறந்தவை, அதுவும் எல்லா ஷட்டில்களும் சேர்ந்து, 9. அதுவும் 1985-ல்தான்.

காரணம் என்ன? வெப்பம் தாங்க உடம்பு முழுவதும் 20 ஆயிரத்துக்கும் அதிகமான ஓடுகள் ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். வண்டி திரும்பியதும் அத்தனையையும் கையால் பார்க்க வேண்டும். எஞ்சின்களைக் கழற்றிச் சோதித்துத் திரும்ப மாட்ட வேண்டும். எங்கள் தொழிலில் ரயில் பெட்டியை ஒன்றரை வருஷத்துக்கு ஒருமுறை ஒர்க்ஷாப்புக்கு அனுப்பிப் பிரித்து மேய்வோம், அதற்கு பி.ஓ.எச். என்று பெயர். ஷட்டிலுக்கு ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு பி.ஓ.எச். தேவைப்பட்டது. 2011 ஜூலையில் 135-வது பயணத்தோடு திட்டத்தை மூடிவிட்டார்கள். மொத்தச் செலவைப் பயணங்களால் வகுத்தால் தலைக்கு நூறு கோடி டாலருக்கு மேல் வருகிறது. அற்புதமான வண்டிதான். ஆனால் வடிவமைத்தவர்கள் அதன் அடியில் நுழைந்து பார்க்க வேண்டியவனைப் போதுமான அளவு நினைத்துப் பார்க்கவில்லை.

திரும்பி வந்தது சொன்ன சாட்சி

திரும்பி வரும் வண்டியில் பணம் மிச்சமாவது ஒரு லாபம். அதைவிடப் பெரிய லாபம் இன்னொன்று உண்டு. அது சாட்சி சொல்லும்.

பழைய நாளில் ஸ்டேஷனில் வண்டி நின்றதும் நீளமான சுத்தியலால் சக்கரத்தைத் தட்டிக்கொண்டே ஒருவர் போவாரே, நினைவிருக்கிறதா? நல்ல சக்கரம் மணி போல் கணீரென்று ஒலிக்கும். விரிசல் கண்ட சக்கரம் ஓட்டைப் பானை போல் ஒலிக்கும். காதில் சந்தேகம் விழுந்தால் அந்தப் பெட்டியை 'சிக்' என்று எழுதி வெட்டிவிட வேண்டியதுதான். கடலில் விழுந்து நொறுங்கிய ராக்கெட்டைத் தட்டிப் பார்க்க முடியுமா? அதன் பழுது அதோடு மூழ்கிவிடும். ஷட்டிலின் பூஸ்டர்களோ கரைக்கு வந்து சேர்ந்தன. பழுதையும் கொண்டு வந்தன.

பூஸ்டரின் துண்டுகள் சேரும் மூட்டுகளில் நெருப்பு வெளியே வராமல் தடுக்க ரப்பர் வளையங்கள் இருக்கும். 'ஓ ரிங்' என்பார்கள். 1981 நவம்பரில், இரண்டாவது பயணம் முடிந்து வந்த பூஸ்டரிலேயே ஒரு வளையம் அரிக்கப்பட்டிருந்தது தெரிந்தது. பிறகும் பல பயணங்களில் அதே கதை. 1985 ஜனவரியில் குளிர் அதிகமான நாளில் ஏவிய பூஸ்டரைத் திறந்தபோது, ஒரு வளையத்தைத் தாண்டிக் கரிப்புகை போயிருந்தது. குளிரில் ரப்பர் விறைத்து, இடைவெளியை உடனே அடைக்க முடியவில்லை என்பது அந்தப் பூஸ்டர்களைக் கட்டிய நிறுவனத்தின் பொறியாளர்களுக்குப் புரிந்துவிட்டது.

ஆனால் ஒவ்வொரு தடவையும் வண்டி பத்திரமாகத் திரும்பியது. "அரிப்பு இருந்தும் ஒன்றும் ஆகவில்லையே" என்பது மெல்ல மெல்ல "இந்த அளவு அரிப்பு இருக்கத்தான் செய்யும்" என்று மாறியது. 1986 ஜனவரி 27 இரவு, மறுநாள் காலைக் குளிரில் ஏவ வேண்டாம் என்று ரோஜர் பாய்ஜோலி முதலான பொறியாளர்கள் வாதாடினார்கள். மேலே இருந்தவர்கள் ஏற்கவில்லை. 28-ம் தேதி காலை, நமது இன்சாட்டைச் சுமந்து சென்ற அதே சேலஞ்சர், 73-வது விநாடியில் வானத்திலேயே சிதறியது. பள்ளி ஆசிரியை ஒருவர் உட்பட ஏழு பேர் போனார்கள். விசாரணையின்போது இயற்பியல் மேதை ஃபைன்மன் அந்த ரப்பரின் ஒரு துண்டை ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்து, அது விறைத்துப் போவதை எல்லோர் முன்னிலையிலும் காட்டினார். அந்த உண்மையைத் திரும்பி வந்த பூஸ்டர்கள் ஏற்கெனவே சொல்லியிருந்தன.

2003 பிப்ரவரி 1-ம் தேதி கொலம்பியா. நம் ஹரியானா மாநிலம் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா அதில் இருந்தார். கிளம்பும்போது எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைப்பொருள் துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதி ஓட்டை போட்டுவிட்டது. திரும்பி வரும்போது அதன் வழியே நெருப்பு உள்ளே புகுந்தது. நுரைத்துண்டு பெயர்வதும் அதற்கு முன் பல பயணங்களில் நடந்ததுதான். அதுவும் பழகிப்போயிருந்தது.

இந்த இரண்டு விபத்துகளையும் ஷட்டில் என்ற இயந்திரத்தின் தோல்வி என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஒரு வண்டி ஓடி ஓடிச் சாதாரணமாகிவிடுவது நல்லது. அதற்காகத்தான் நாங்கள் உழைத்தோம். அந்த வண்டியோடு வந்த பழுதும் சாதாரணமாகிவிட்டால் ஆபத்து. இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய கோடு இருக்கிறது. அந்தக் கோட்டின் மேல் ஒரு ஃபிட்டர் கையில் டார்ச்சுடன் நின்றுகொண்டிருக்கிறார்.

நின்றபடி இறங்கும் கோபுரம்

அடுத்த கட்டம் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன்-9. 2010 ஜூனில் முதலில் பறந்தபோது அதுவும் தூக்கியெறியும் ராக்கெட்தான். ஆனால் அவர்கள் ஒரு புத்திசாலித்தனம் செய்தார்கள். வாடிக்கையாளரின் செயற்கைக்கோளை அனுப்பி முடித்த பிறகு, எப்படியும் கடலில் விழப்போகிற முதல் அடுக்கை வைத்து இறங்கிப் பழகினார்கள். சரிந்தால் நஷ்டமில்லை, இறங்கினால் லாபம். 2015 ஜனவரியிலும் ஏப்ரலிலும் கடலில் நிறுத்திய மிதவைக் கப்பலில் இறங்க முயன்று வெடித்தது. அதே வருஷம் டிசம்பர் 21 இரவு, ஃப்ளோரிடாவில் தரையில் நேராக வந்து நின்றது. 2016 ஏப்ரல் 8-ல் கப்பலிலும் நின்றது.

இது எவ்வளவு கஷ்டமான வேலை என்று பார்ப்போம். சுமார் 70 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்குப் பல ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில், முதல் அடுக்கு பிரிகிறது. பத்து மாடிக் கட்டடத்தைவிட உயரமான குழாய் அது. சிறு வாயுக்குழாய்களால் தன்னைத் தலைகீழாகத் திருப்பிக்கொள்கிறது. காற்று மண்டலத்தில் நுழையும்போது எஞ்சின்களை மறுபடி மூட்டி வேகத்தைக் குறைக்கிறது. சல்லடை போன்ற நான்கு துடுப்புகளால் திசை பிடிக்கிறது. கடைசியில்தான் வேடிக்கை. ஒன்பது எஞ்சின்களில் ஒன்றை மட்டும், அதுவும் குறைந்தபட்ச விசையில் எரித்தால்கூட, காலியான அந்தக் குழாயின் எடையைவிட விசை அதிகம். எனவே ஹெலிகாப்டர் போல் நின்று நிதானித்து இறங்க வழியில்லை. வேகம் பூஜ்யமாகும் அதே கணத்தில் உயரமும் பூஜ்யமாக வேண்டும். சற்று முந்தினால் மறுபடி மேலே கிளம்பும். பிந்தினால் மோதும். பிளாட்பாரத்தில் குறித்த கோட்டில் வண்டியை நிறுத்தும் டிரைவருக்கு இது புரியும். அவருக்காவது இரண்டாம் தடவை பிரேக் பிடிக்க அவகாசம் உண்டு.

இறங்கியது சாதனை. ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இரண்டு தேதிகள். 2016 ஏப்ரல் 8-ல் கப்பலில் இறங்கிய அதே அடுக்கு, மறுபடி பறந்தது 2017 மார்ச் 30-ல். இடையில் ஏறக்குறைய ஒரு வருஷம் அதைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். 2025 மார்ச்சில் ஓர் அடுக்கு 9 நாள் இடைவெளியில் மறுபடி பறந்தது. ஒரு வருஷம் 9 நாளான கதைதான், அற்புதம் சாதாரணமான கதை. ஒவ்வொரு தடவையும் பார்த்து, எது தேய்கிறது, எது தேய்வதில்லை என்று தெரிந்துகொண்டு, தேய்வதை மாற்றி வடிவமைத்து, தேயாததைக் கழற்றுவதை நிறுத்தியதால் வந்த 9 நாள் அது. 2018 மே மாதம் வந்த புதிய வடிவம் இந்த அனுபவத்தில் பிறந்தது. இப்போது சில அடுக்குகள் 30 தடவைக்கு மேல் பறந்துவிட்டன. 2024-ல் மட்டும் ஃபால்கன் ராக்கெட்டுகள் 130 தடவைக்கு மேல் கிளம்பின. மேல் அடுக்கு மட்டும் இன்னும் ஒவ்வொரு தடவையும் வீணாகத்தான் போகிறது.

சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு வந்திருந்த நண்பர் மகன் ஒருவன், பொறியியல் மாணவன், தன் கைபேசியில் எதையோ தள்ளிக்கொண்டே போனான். ராக்கெட் இறங்கும் படம் ஒன்று வந்தது. அதையும் தள்ளிவிட்டான்.

"என்னப்பா, அதைப் பார்க்காமல் தள்ளிவிட்டாயே?" என்றேன்.

"இது வாரா வாரம் நடக்கிறதுதானே மாமா" என்றான்.

எனக்கு அதில் வருத்தமில்லை. 1853 ஏப்ரல் 16-ல் போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு முதல் ரயில் கிளம்பியபோது 21 குண்டுகள் முழங்கின. 1856 ஜூலை 1-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு வண்டி போனபோதும் ஊரே திரண்டிருக்கும். இன்று நாம் ஜி.டி.யில் ஏறியதும் முதலில் தேடுவது சார்ஜ் போடும் பிளக்கை. ஒரு தொழில்நுட்பத்துக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. ராக்கெட் இறங்குவது செய்தியாக இருந்த காலம் போய், 2024 ஆகஸ்டில் 23-வது பயணம் முடித்த ஓர் அடுக்கு கப்பலில் சாய்ந்து விழுந்தபோது, விழுந்ததுதான் செய்தியாயிற்று.

நம்மவர் ஏறிய வண்டியில் ஒரு கசிவு

இனி நான் சொல்ல வந்த விஷயம். 2025 ஜூன் மாதம் நமது விமானப்படை அதிகாரி சுபான்ஷு சுக்லா சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போக வேண்டியிருந்தது. 1984-ல் ராகேஷ் சர்மா போன பிறகு, நம் நாட்டிலிருந்து விண்வெளிக்குப் போகும் இரண்டாவது மனிதர். வண்டி ஃபால்கன்-9. முதல் அடுக்கு ஏற்கெனவே ஒருமுறை பறந்து திரும்பியது.

ஏவுதளத்தில் கட்டி வைத்தபடியே எஞ்சின்களைச் சிறிது நேரம் எரித்துச் சோதித்தார்கள். அப்போது திரவ ஆக்சிஜன் கசிவது தெரிந்தது. முந்தைய பயணத்திலிருந்து இறங்கி வரும்போதே அந்தக் கசிவு இருந்ததாகவும், இடையில் நடந்த பராமரிப்பில் அது சரியாகாமல் தங்கிவிட்டதாகவும் அந்த நிறுவனமே பத்திரிகையாளர்களிடம் சொன்னது. கசிவு தொடர்ந்தாலும் அந்த இடத்தில் வாயுவை ஊதிச் சமாளித்துக்கொள்ள ஏற்பாடு செய்வதாகவும் சொன்னார்கள்.

இந்த இடத்தில் எனக்கு 1985-ம் வருஷத்துக் கரிப்புகை நினைவுக்கு வந்தது. போன தடவையும் இருந்தது, ஒன்றும் ஆகவில்லை, சமாளித்துக்கொள்ளலாம். எந்த பிட் லைனிலும், எந்த நாட்டிலும், வண்டி கிளம்பும் அவசரத்தில் காதில் விழுகிற வார்த்தைகள்தான் இவை.

அப்போது இஸ்ரோ தலைவர் வி. நாராயணன் தமது குழுவினருடன் ஃப்ளோரிடாவில் இருந்தார். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். திரவ ஆக்சிஜனும் அதிகுளிர் எஞ்சின்களும் அவருடைய சொந்தத் துறை. கசிவை முழுதாகச் சரிசெய்து, சோதித்துக் காட்டிய பிறகே ஏவ வேண்டும் என்று இஸ்ரோ தரப்பு வற்புறுத்தியது. ஏவுதல் நிறுத்தப்பட்டது. பழுது பார்க்கப்பட்டது. பின்பு விண்வெளி நிலையத்தில் எழுந்த வேறொரு பிரச்சினையாலும் சில நாட்கள் தள்ளிப்போய், ஜூன் 25-ல் சுக்லா கிளம்பினார். ஜூலை 15-ல் நல்லபடியாகத் திரும்பினார்.

அந்தக் கசிவோடு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்கலாம். ஒன்றும் ஆகாமலும் போயிருக்கலாம். பழுதைப் பிடித்தவனுக்கு இதுதான் எப்போதும் உள்ள சங்கடம். அவன் நிறுத்திய வண்டியில் நடக்காத விபத்துக்கு யாரும் பாராட்டுக் கூட்டம் போடுவதில்லை. வண்டி தாமதமானதற்கு மட்டும் விளக்கம் கேட்பார்கள். ஒரு பெட்டியை 'சிக்' என்று எழுதிப் பழகிய கை எதுவானாலும் அதற்கு இது தெரியும்.

நாராயணன் படிப்பைத் தொடங்கியது மெக்கானிகல் டிப்ளமாவில். பிறகு கரக்பூர் ஐ.ஐ.டி.யில் மேற்படிப்பு. நம் வீட்டுப் பிள்ளைகளில் யாருக்காவது பாலிடெக்னிக்கில்தான் இடம் கிடைத்தது என்று மனக்குறை இருந்தால், இதைச் சொல்லி வையுங்கள்.

நம் புஷ்பக்

நாமும் சும்மா இருக்கவில்லை. 2016 மே 23-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இறக்கை வைத்த சிறு சோதனை வண்டி ஒன்றை இஸ்ரோ பறக்கவிட்டது. 2023 ஏப்ரலிலும், 2024 மார்ச்சிலும் ஜூனிலும் கர்நாடகத்தின் சித்ரதுர்கா அருகே ஹெலிகாப்டரில் நாலரை கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கிப்போய் விட, வண்டி தானாகவே ஓடுபாதையைத் தேடி வந்து இறங்கியது. புஷ்பக் என்று பெயர். மார்ச்சில் இறங்கிய அதே உடம்பையே ஜூனிலும் பயன்படுத்தினார்கள். 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த அடுத்த தலைமுறை ராக்கெட்டின் முதல் அடுக்கு, திரும்பி வரும் வகையில் அமையப்போகிறது. 2025 ஜனவரி 17-ல் திருநெல்வேலிச் சீமை மகேந்திரகிரியில் விகாஸ் எஞ்சினை எரித்து, அணைத்து, மறுபடி மூட்டிப் பார்த்ததும் இந்த வழியில் ஒரு படி.

இதன் அவசியம் என்ன என்பதற்கு ஒரே ஓர் உதாரணம் போதும். 2024 நவம்பரில் நமது 4,700 கிலோ எடையுள்ள ஜிசாட்-என்2 செயற்கைக்கோள் நம் ராக்கெட்டின் தூக்கும் சக்திக்கு மேற்பட்டதாக இருந்ததால், ஃபால்கன்-9 ராக்கெட்டை வாடகைக்குப் பிடித்து அனுப்பினோம். அதுவும் பலமுறை பறந்து திரும்பிய அடுக்குதான். 1983-ல் ஷட்டிலில் இடம் பிடித்தோம். நாற்பது வருஷம் கழித்து இதில். அடுத்த தடவையாவது சொந்த வண்டி வேண்டாமா?

அந்த வண்டியைக் கட்டப்போகிறவர்கள் இன்று நம் குடியிருப்புகளில், இந்தி மீடியத்திலும் இங்கிலீஷ் மீடியத்திலும் படித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் தமிழ் வகுப்புக்கு முணுமுணுத்துக்கொண்டே வருகிற பிள்ளைகளாகவும் இருக்கலாம். எஞ்சினை வரைகிறவர்களுக்கு நாடு மாலை போடும், போடட்டும். வரைந்த வண்டி முப்பதாவது தடவை பத்திரமாகக் கிளம்ப வேண்டுமானால், இருபத்தொன்பது தடவையும் அது திரும்பி வந்தபோது, அடியில் நுழைந்து பார்த்து, "இது போன தடவையும் இருந்ததே, ஏன்?" என்று கேட்ட ஆள் ஒருவர் இருக்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்கும் தைரியத்தையும், கேட்பவரைக் கடிந்துகொள்ளாத பொறுமையையும் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பழக்கி அனுப்பினால், மிச்சத்தைக் கல்லூரி பார்த்துக்கொள்ளும்.